நாற்பத்து மூன்று

ஆரல்வாய்மொழி விலக்கு, சூளைக்கு எதிர்த்த சாயாக்கடை.
ரசவடை ஆறிக்கொண்டிருக்கிறது.
கிழித்த டிக்கெட்டின் மிச்சங்களை எண்ணுகிறேன்.
நாற்பத்து மூன்று.
மறுபடி எண்ணினால் நாற்பத்திரண்டு.

'அதுல பாதி ஓட்டுகவனுவளுக்க வீட்டாளுவ'
என்கிறான் தாணு.
'அவியளும் மொத விழுகையிலயே
ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு.'

பெல்லார்மினுக்குக் காற்றுதான் குற்றவாளி.
ஆடியில் இந்தக் கணவாய்க்குள்
காற்றாலை கண் திறக்கும், மனுஷன் மூட வேண்டும்.
புழுதி முழுக்கக் கேலரிக்கு,
எஞ்சின் சத்தம் முழுக்க மலைக்கு.
'ரூவாயும் குடுத்து மண்ணும் திங்க
எவன்வேய் வருவான்?'

ஷர்மிளா ஒப்பவில்லை.
ஒன்பது வருஷத்துச் சுற்று நேரங்கள்
அவள் நோட்டில் இருக்கின்றன,
எண்ணெய்க் கைரேகையோடு.
மூன்று வருஷமாக முதலிடத்தில் ஒரே பெயர்.
'மொத வளைவுலயே ஜெயிக்கது யாருண்ணு தெரிஞ்சா
பொறவு பன்னிரண்டு சுத்தும் பிரசங்கம்தான்.'
பெல்லார்மின் சிலுவை போட்டுக்கொண்டான்.
சிரித்துக்கொண்டே.

சாகிர் போனை மட்டும் தூக்கிக் காட்டினான்.
பதினைந்து வினாடியில் எவனோ பறந்தான்.
இன்னும் குறைந்த நேரத்தில் விழுந்தான்.
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் தாணுவின் தங்கச்சி குரல்.
பிரிட்டனில் நர்சு.
இங்கே இருந்தவரை ஒருநாளும் ரேசுக்கு வராதவள்.

'அண்ணே, இங்க கூரைக்குள்ள ஓட்டுகாவ.
லாரி லாரியா மண்ணு கொண்டு கொட்டி
ஒத்த ராத்திரியில மேடு செய்திருக்காவ.
கொள்ளாம், நல்லாத்தான் சாடுகாவ.
ஆனா மேல்வரிசை முழுக்கக் கறுப்புத் துணி.
ஆளில்லாதது டிவியில தெரியப்பிடாதாம்.
பக்கத்துல இருந்த சாயிப்பு சொன்னாரு,
அவருக்க சின்ன வயசுல
இதுக்குள்ள நிக்க எடம் கெடைக்காதாம்.
சொல்லிட்டு அவரும் பாதியில எந்திச்சுப் போனாரு,
கடேசி பஸ்ஸுக்கு.'

மூன்று முறை கேட்டோம்.
'அங்கயுமா?' என்ற பெல்லார்மினின் குரலில்
சின்னதாக ஒரு சந்தோஷம்.
எனக்கும் இருந்தது.
பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
சாயா குடித்தோம்.

'கறுப்புத் துணி மீட்டர் என்ன வெல?' தாணு.
'இந்தக் காத்துல அது காவல்கிணறு போய்தான் நிக்கும்.'

எதிரே சூளையில் ஜேசிபி வேலையைத் தொடங்கியிருந்தது.
ரேசு முடிந்து முழுசாய் ஒரு மணிக்கூர் ஆகவில்லை.
முதலாளி மண்ணை
நாலுவழிச் சாலைக்கு விலைபேசி வாரம் ஒன்றாகிறதாம்.
எங்களுக்கு டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

இரட்டை மேடு முதல் லோடில் போயிற்று.
ஷைஜுவின் காறையெலும்பு ஒடிந்த இடம்
இரண்டாவதில்.
மூன்றாவது லாரி, பாரம் நிறைந்து,
வாசலை அடைத்துக் கிடந்த கடைசி மேட்டில் ஏறியது.
பாதியில் திணறியது.
பின்சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று
கடை வரைக்கும் மண்ணை வீசியது.

யார் முதலில் எழுந்தது என்று தெரியாது.
'விடாதேய்! கிளட்ச்ச விடாதேய்!'
சாகிர் பெஞ்சு மேல் நிற்கிறான்.
வெற்றிலை வாங்க வந்த ஒரு ஆளும்
காரணம் கேட்காமல் கத்துகிறார்.
முன்பக்கம் ஒரு முழம் தூக்கியது,
உச்சியில் யோசித்தது,
பிறகு அத்தனை மண்ணோடும்
இந்தப்பக்கம் இறங்கியது.

டிரைவர் நாங்கள் வைகிறோம் என்று நினைத்து
நீளமாய் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

ஷர்மிளாவின் பெருவிரல்
எப்போது ஸ்டாப்வாட்சை அமுக்கியதோ,
நாற்பத்தொன்று வினாடி என்றாள்.
நோட்டைத் திறந்து, இன்றைய தேதிக்குக் கீழே,
முதலிடம் என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு
லாரியின் நம்பரை எழுதினாள்.

பெல்லார்மினின் முழங்கை வியர்வையில்
ஒட்டிக்கிடந்தது அந்த ஒரு டிக்கெட்.
உரித்துக் கட்டோடு வைத்தேன்.
வடைக்கு யார் காசு கொடுப்பது என்பதில்
அடுத்த சண்டை தொடங்கியிருந்தது.