இரண்டாம் கொட்டகை

டாக்டர் இல்கெர்,
நீங்கள் முடூர்னுவுக்கு வந்த அன்று மழை.
காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
இரண்டு கொட்டகைக்கும் நடுவில் நின்று சொன்னீர்கள்:
"முதலாவதுக்கு எண்ணெய். இரண்டாவதுக்கு வெறும் தீவனம்.
மற்றதெல்லாம் ஒன்றேபோல் இருக்கட்டும், முனிரே ஹனிம்."
ஒன்றேபோல் என்ற சொல்லைக்
கதவைச் சாத்துவதுபோல் சொன்னீர்கள்.

உங்கள் தாளில் அது ஓரிகானோ.
எங்களுக்குக் கெகிக்.
டெனிஸ்லிப் பக்கத்து மொட்டைச் சரிவில்
முழங்கால் உயரம்கூட வளராத செடி.
ஆட்டுக்கறிக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான்.
டன்னுக்கு முந்நூறு கிராம்.
முதலில் கொஞ்சம் தவிட்டில் பிசறி
பிறகு சோளம், பிறகு சோயா.
விரலிடுக்கு எரியும்.
மறந்துபோய்க் கண்ணைக் கசக்கினால்
அன்றைக்கு அழுகைதான்.
"பீட்சாக் கடை வந்துவிட்டது" என்பான் என் மகன்
நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே.

பன்னிரண்டாம் நாள்
இரண்டாம் கொட்டகையில் எச்சம் நீர்த்தது.
ஆரஞ்சு நிறம், நுரை.
விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து
இறகு சிலிர்த்து, பாதிக் கண் மூடி
நின்றுகொண்டே இருந்தன.
ஒன்பது செத்தது. மறுநாள் பதினொன்று.
காலைப் பிடித்துத் தூக்கினால்
கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
உங்கள் எண்ணெய்க் குஞ்சுகள்
தீவனத் தட்டில் ஏறி மிதித்துச் சண்டை போட்டன.

அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை என்று
பொய் சொல்லமாட்டேன். எடுத்தீர்கள்.
"சோதனை என்றால் அப்படித்தான். குறித்து வையுங்கள்."
குறித்து வைத்தேன்.

நீலக் கேனின் கோட்டை நீங்கள் பார்ப்பீர்கள் என்று
அதைத் தொடவில்லை.
என் கொழுந்தன் வேய்செல்
செம்புக் கொப்பரையில் செடி காய்ச்சுகிறவன்.
பழைய ராக்கி பாட்டிலில் வாங்கிவந்தேன்.
உங்களுடையதைவிடக் கறுப்பு, முரடு.
எத்தனை விழுக்காடு எது என்று கேட்காதீர்கள்,
மூக்கால்தான் அளந்தேன்.

பதினான்காம் நாள் நான்கு.
பதினைந்தில் இரண்டு.
பிறகு, தினம் ஒன்று சாகும் வழக்கமான சாவு.

நாற்பத்திரண்டாம் நாள்
தராசோடு வந்தீர்கள்.
இரண்டாம் கொட்டகையும் கெகிக் மணந்தது.
முகமூடி போட்டிருந்தீர்கள்.
எடை வித்தியாசம் பதினெட்டு கிராம்.
"குறிப்பிடத்தக்கதாக ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டு
என்னிடம் தேநீர் கேட்டீர்கள்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டேன்.
அப்போது சொல்லியிருக்கலாம்.

மொத்தச் சாவை மட்டும் கூட்டினீர்கள்.
அந்த நோட்டில் நாள்வாரியாக இருக்கிறது, என் கையெழுத்தில்.
ஒன்பது, பதினொன்று, நான்கு, இரண்டு.
ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
எண்ணெய் கலந்த அன்றுதான்
நனைந்த மரத்தூளை வாரிக் கொட்டிப் புதிது பரப்பினேன்.
விசிறியையும் தட்டி ஓடவைத்தேன்.
எது பிழைக்கவைத்ததென்று
எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் செய்துவிட்டேன்.

இரக்கம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.
காப்பாற்றியவற்றையெல்லாம் அதே வாரம்
கூண்டுக்குப் பத்தாக நான்தான் லாரியில் ஏற்றினேன்.

நெவ்ஸாத் பே உங்கள் தாளைப் படித்துவிட்டு
எண்ணெய்ச் செலவை வெட்டிவிட்டார்.
"வித்தியாசமே இல்லையாமே" என்றார் என்னிடம்.
வெள்ளிக்கிழமை புதுக் குஞ்சுகள் வருகின்றன,
இரண்டு கொட்டகைக்கும்.
பாட்டிலில் இரண்டு விரல் மிச்சம்.

திரும்ப வாருங்கள், டாக்டர்.
சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன்,
பரவாயில்லை இல்லை.
ஆனாலும் வாருங்கள்.
இந்தமுறை சுவருக்கு இந்தப் பக்கம்
வேறு யாரையாவது நிறுத்துங்கள்.