இறாலின் புது எண்

பதின்மூன்று வருடம் கழித்து
மண்ணடி ஆபீஸின் இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.
லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான்.
அந்த மட்டில் நிம்மதி.

நான் வேலையை விட்டபோது
தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் ரயில் கிடையாது.
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளியும்
ஐம்பத்தாறில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு
மறு கையில் ஷிப்பிங் பில் ஃபைல்.
இன்றைக்கு எட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள்.
வீட்டிலிருந்து கொண்டுவந்த பயத்தை
முழுசாய்ப் பயந்து முடிக்கக்கூட அவகாசமில்லை.

முதலாளியின் மகன்
(நான் போனபோது டவுசர் போட்ட பையன்)
பயோடேட்டாவில் ஓர் இடத்தைப் பேனாவால் தட்டினான்.
"இந்த கேப்ல என்ன பண்ணீங்க மேடம்?"
"சும்மாதான் சார் இருந்தேன்."

சும்மா.
மாமனாருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
இரட்டையரில் சின்னவனுக்கு
பேச்சு வர நான்கு வருடம்.
தண்ணீர் ஏறிய டிசம்பரில்
பீரோவின் மேல் அரிசி மூட்டை,
கட்டிலின் மேல் கட்டில்,
அதன்மேல் மாமனார்.
எதற்கும் ரசீது இல்லை.

ஹார்பர் கூலி அப்பா வைத்த பெயர்
செங்கொடி.
பெயருக்கேற்ற தைரியம்
அன்று கைவசம் இல்லை.

ஹசீனாதான் வாயைத் திறந்தாள்.
ஒருகாலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்,
இப்போது செக்‌ஷனே அவளுடையது.
"தம்பி, இவ போட்ட பில்லு
ஒண்ணு திரும்பி வந்ததில்ல.
கேப்ப நான் பாத்துக்கறேன்."
வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள்:
"இன்னொரு தபா சும்மான்னு சொன்ன, அறைஞ்சுடுவேன்."

முதல் நாள், முதல் சரக்கு:
காசிமேட்டுக் கம்பெனியின் உறைந்த இறால்.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் அந்த எண்ணை.
விரல்களே தட்டின.
பூஜ்யம் மூன்று, பூஜ்யம் ஆறு, ஒன்று மூன்று...
திரை சிவப்பாகி மறுத்தது.
நான் போன மறு வருடமே மாற்றிவிட்டார்களாம்.
இறால் அதே இறால்.
அதே மீசை, அதே ஐஸ், அதே கவிச்சி.

பாத்ரூமுக்குள் போய்
சத்தம் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் வரவில்லை.
ஆபீஸ் முழுக்க என் அழுகை கேட்டிருக்கும்.

திரும்பி வந்தபோது மேஜையில் ஒரு நீள நோட்டு.
இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதியது,
நடுவே ஹசீனாவின் கோணல் கையெழுத்து.
சில பக்கங்களில் மை கலங்கியிருந்தது.
ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம்
அவளும் திரும்பி வந்தவள்.
அன்றைக்கு அவளுக்கு நோட்டுக் கொடுக்க
யாரும் இருக்கவில்லை.

முதல் மாதம் இரண்டு மணி வரைதான் வேலை.
பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாய்ப் போட்டு
கணக்கைப் பூட்டிவிட்டேன்.
பக்கத்து சீட் ஜெபசீலி சிரித்தாள்,
ஆனால் திறந்தும் கொடுத்தாள்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை.
டேனியல் அனுப்பத் தயாராக வைத்திருந்த பில்லில்
மொத்த எடையும் நிகர எடையும் ஒரே எண்.
"ஏம்ப்பா, அட்டைப்பெட்டிக்கு எடையே இல்லையா?"
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
கப்பல் அன்றிரவே கிளம்புகிறது.
ஹசீனா தலை நிமிரவில்லை.
பிஸ்கட் பாக்கெட்டை மட்டும்
என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நான்கு மணிக்குப் போன் அதிர்ந்தது.
சின்னவன்.
பேச நான்கு வருடம் எடுத்துக்கொண்டவன்
இப்போதெல்லாம் நிறுத்துவதில்லை.
"அம்மா, சீரகம் எங்க?"
"ஒன்பதாம் அத்தியாயம்" என்றேன், வாய் தவறி.
"இன்னாது?"
"தேடுடா" என்று வைத்துவிட்டு
நோட்டைப் புரட்டினேன்.
சீரகத்துக்கும் எண் மாறித்தான் இருந்தது.