பதினேழாவது வரிசை

குளியல் துண்டில் சுற்றி, டாக்ஸியில் மடியிலேயே வைத்து
அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார் சிந்தாமணி மூட்லி.
மியர்பேங்க், செவ்வாய்க்கிழமை.
காற்று ஆலைப் பக்கமிருந்து வந்ததால்
கடை முழுக்க அழுகிய முட்டை வாசம்.

"வேலாயுதம் போய் அஞ்சு மாசம்.
பாலிசி நம்பர் இல்லாமல் கம்பெனிக்காரன்
பேசவே மாட்டேன் என்கிறான். அது இதுக்குள்ளேதான் இருக்கு.
அதை எடு. மற்றதையெல்லாம் அழி.
கோயில் ஆபீசுக்குக் கொடுக்கப் போகிறேன்."

கடவுச்சொல்?

"நாற்பத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை.
அவரும் என் பீரோவைத் திறந்ததில்லை."

அழிக்க மட்டும் என்றால் கடவுச்சொல்லே வேண்டாம் அக்கா,
பூட்டெல்லாம் பார்க்க வருகிறவனுக்குத்தான்,
கொளுத்த வருகிறவனை அது ஒன்றும் கேட்காது
என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத் தேதி. இல்லை.
பழைய காரின் நம்பர். இல்லை.
ஒரு ஜூலையில் அவர் சம்பளத்தைத் தின்ற குதிரையின் பெயர்,
அதை அக்காவே சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு.
அதுவும் இல்லை.

உள்ளே நுழையும் திரையின் மூலையில்
கண் தெரியாதவர்களுக்கு, கை வராதவர்களுக்கு என்று
சின்னதாய் ஓர் உதவிக் குறி இருக்கும்.
பென்டிரைவிலிருந்து எழுப்பி
அந்தக் குறிக்குப் பின்னால் வேறொரு கதவை வைத்தேன்.
கறுப்புச் சன்னல் திறந்தது. ஒற்றை வரி.
செத்தவரின் பூட்டுக்கு
என் கையால் ஒரு புதுச் சொல்.

உள்ளே வேலாயுதம், பிளஃப் பாறை மேல்,
ஷாட் மீனைத் தூக்கிப் பிடித்தபடி.
அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு
சுவரில் தொங்கிய சார்ஜர்களை எண்ணத் தொடங்கினார்.

பாலிசி நம்பரைத் தேடித்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன்.
'கொடுத்தது' என்று பெயர்.
தண்டபாணி பிள்ளை, 800, வந்தது.
பன்னிரண்டாம் நம்பர் ஃபாத்திமா, 1500, பாதி வந்தது.
சிபோ, கேட் வெல்டிங், 600, வந்தது.
மரகதம் கோவெண்டர், 2000, சண்டை.
பதினேழாவது வரிசை:
குமரேசன், கம்ப்யூட்டர் கடை, 3400.
'வந்தது' இருக்க வேண்டிய கட்டத்தில்
'கேட்காதே.'

அவ்வளவுதான்.
இரக்கமா, கைகழுவலா,
இவனிடமெல்லாம் எங்கே வரப்போகிறது என்றா.
மகள் பிறந்த வாரம் வாங்கியது அது.
அதற்குப் பிறகு நூறு தடவையாவது
கசாப்புக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருப்பார்,
வானிலை பேசியிருப்பார்.

"கிடைச்சுதா?"
கிடைத்தது. வேறொரு கோப்பில் இருந்தது.
எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு முறை வாசித்துப் பார்த்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.
"சரி. அழி."

வேறேதாவது பார்க்க வேண்டுமா என்று
கேட்டேனா? கேட்டேன்.
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு
கேட்டேன்.

அழிப்பது என்றால் அழிப்பதில்லை.
முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை
எழுத்தின் மேல் சைபர், சைபரின் மேல் சைபர்.
மீன், குதிரை, சண்டை, பாதி வந்தது, கேட்காதே
எல்லாம் ஒரே விலை.

அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
லோட்ஷெடிங். இரண்டரை மணி நேரம்.

இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
ஆலையின் தீ நாக்கு மட்டும் கண்ணாடியில் ஆடியது.
சொல்லலாம் என்று மூன்று முறை தொண்டையைச் செருமினேன்.
"சளியா?" என்றார்.
பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாய் எடுத்து
இருட்டில் என் கையைத் தேடி வைத்தார்.

கரண்ட் வந்தது.
விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது,
மறுபடியும் ஒன்றிலிருந்து.
"எனக்கொன்றும் அவசரமில்லை" என்றார்.

ஒன்பது மணிக்கு முடிந்தது.
எவ்வளவு என்றார்.
வேண்டாம் அக்கா என்றேன்.
"ஏன் வேண்டாம்? பில் போடு."
கார்பன் தாளில் நீலமாய் இறங்கியது:
ஹார்ட் டிஸ்க் அழித்தது, 350.

நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது
கூட்டிப் பார்த்தேன்:
3750.