நாற்பதாவது சோடி

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே வந்து
பள்ளியின் வடக்குப் படியில் குந்திவிடுவேன்.
செருப்பு எண்ணுவது என் வேலை.
யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.
நாற்பது ஆண்கள் கூடினால்தான் ஜும்மா,
முப்பத்தொன்பது வரை வெறும் லுஹர்.
என் சோடி கணக்கில் வராது,
அதைத் தள்ளி வேம்பின் கீழ் கழற்றி வைப்பேன்.

கட்டியவர்களும் வந்தவர்கள்தான்.
காயல்பட்டணத்துத் தோணி ஒன்று
புடவைப் பொதிகளோடு
பண்ணைக்கு அப்பால் தரைதட்டிப் பிளந்ததாம்.
சரக்குப் போயிற்று, பலகை மிஞ்சிற்று.
திரும்பக் கூலியில்லாத பதினாலு பேர்
அந்தப் பலகையால் கூரை போட்டார்கள்.
பழைய கொப்பியில் இருக்கிறது:
அசனார் நெய்னா, ஆணி இரண்டு இறாத்தல்.
குப்பைத்தம்பி மரைக்கார், சுண்ணாம்பு.
வேலுப்பிள்ளைச் சக்கிடுத்தார், பனஞ்சிலாகை நாற்பது, கடன்.
அந்தக் கடனை யாரும் கோடிழுத்து அடிக்கவில்லை.

மேற்கே போனால் மக்கா.
கடலோடிகளுக்கு அவ்வளவு போதும்,
சுவரை நேர்மேற்காக எழுப்பிவிட்டார்கள்.
அறுபது வருஷம் கழித்து
நில அளவை இலாகாப் பிச்சைத்தம்பி
திசைகாட்டியைத் தரையில் வைத்துச் சொன்னார்:
இருபத்திரண்டு பாகை வடக்கே.
மூன்று மாதம் சண்டை.
சம்பந்தம் பேசிய இரண்டு வீடு முகம் பாராமல் போயிற்று.
கடைசியில் சுவரை இடிக்க மனம் வராமல்
தரையில் சாய்வாகக் கரிக்கோடு கிழித்தார்கள்.
அன்று தொடக்கம் கட்டடம் ஒரு பக்கம் பார்க்கும்
சனம் ஒரு பக்கம் பார்க்கும்.
வடமேற்கு மூலையில்
யாரும் நிற்க முடியாத ஒரு முக்கோணம் மிஞ்சிற்று.
அதில் சந்தூக்கைச் சாத்தி வைத்தார்கள்.

தொண்ணூறு ஐப்பசி.
இரண்டு மணித்தியாலம் தந்தார்கள்.
கொப்பியை உம்மா அரிசிப் பைக்குள் செருகினா.
சந்தூக்கை யார் தூக்குவது?

புத்தளத்தில் கிடுகுப் பள்ளி.
வெட்டவெளி, எந்தப் பக்கமும் திருப்பலாம்.
ஆனாலும் செய்யது மீரா மோதினார்
கம்புகளை நேர்மேற்கே நட்டு
உள்ளே மணலில் சாய்வாகக் கோடு இழுத்தார்.
ஊர்க்காரர் சிரித்தார்கள்.
"நேரான கட்டடத்தில எங்களுக்கு
நிக்கத் தெரியாது தம்பி" என்றார்.
இருபது வருஷம் அப்படியே நின்றோம்.
நின்றார்கள் என்று சொல்ல வேண்டும்.
நான் திரைக்குப் பின்னால்.

திரும்பி வந்தபோது கூரை இல்லை.
முக்கோணத்தில் ஓர் ஆலங்கன்று,
என்னிலும் உயரம்.
தோணி உத்தரம்
அடுத்த ஒழுங்கையில் ஆட்டுக்கொட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்தது.
பாய்க்கயிறு தேய்த்த பள்ளத்தை வைத்துக் கண்டுபிடித்தோம்.
அந்த மனிசன் மறுபேச்சில்லாமல் கழற்றித் தந்தார்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.
மழை நாளில் இன்னும்
தொழுகைக்குள் ஆட்டு மணம் இறங்கும்.

இன்றைக்கு முப்பத்தாறு.
ஓடு பதிக்க வந்த அக்கரைப்பற்றுப் பொடியன்கள் மூவர்.
முப்பத்தொன்பது.
ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்தான் கணக்கு,
கூலிக்கு வந்தவரைச் சேர்க்கலாமோ என்று
உள்ளே ஒரு குரல் சட்டம் எடுத்தது.
மோதினாரின் மகன் கேட்டான்:
"அப்ப அந்தப் பதினாலு பேர்?"
பதில் வரவில்லை. மின்விசிறி மட்டும்.

அப்போதுதான் அவன் வந்தான்.
தண்டவாளம் போட வந்தவன், வங்காளப் பக்கம்,
தமிழ் ஒரு சொல் தெரியாது.
முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து,
அதைக் கழற்றவே அவ்வளவு நேரம்.
கால் கழுவி உள்ளே போய்
இடம் இருக்கிறதே என்று
நேரே முக்கோணத்தில் நின்றான்,
கட்டடம் சொன்ன பக்கம் பார்த்து.
யாரோ தோளைப் பிடித்து
இழுத்து வரிசையில் சேர்த்து
இருபத்திரண்டு பாகை திருப்பிவிட்டார்கள்.

சப்பாத்தும் சோடிதானே.
நாற்பது என்று சன்னலில் தட்டினேன்.

குத்பா முடியுமுன் எழும்பினேன், அடுப்பில் கஞ்சி.
வேம்பின் கீழ் என் சோடியில் ஒன்றுதான் கிடந்தது.
மற்றதை நாய் கொண்டுபோயிருக்கும்.