குதிரைக்கான ரசீது

மருந்து இலவசம் என்றார்கள்.
இலவசம்தான்.
தலைநகரில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்துப்
புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள்.
அங்கிருந்து எங்கள் மலைக்கு
அது எந்தக் காலால் ஏறி வரும் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில்
கணக்கு எழுதுகிறவன்.
லெசோத்தோவில் மலைக்கென்ன பஞ்சம்,
டீசலுக்குத்தான்.
வண்டி ஒன்று, ஓட்டுநர் ஒருவர்.
ஆகஸ்டில் பனி விழுந்தால் இரண்டும் கிடையாது.

நர்ஸ் லிகேலெலி என்னைக் கேட்கவில்லை.
தார் முடிகிற இடத்தில்
ஒரு குதிரையை வாடகைக்குப் பிடித்தாள்.
இருபுறமும் குளிர்ப்பெட்டி, நடுவில் அவள்,
கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்வை.
பனிக்கட்டி உருகக் கூடாதென்று வேகமாகவும்
குப்பி உடையக் கூடாதென்று மெதுவாகவும்
ஒரே குதிரையில் போனாள்.

ஹா மொலாட்டெலா பள்ளி, ஏழாம் வகுப்பு.
நாற்பத்தொரு சிறுமிகள்.
கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதியில் நின்றது.
உயர வரிசையில் நில்லுங்கள் என்றதும்
யார் உயரம் என்று முதலில் ஒரு சண்டை.
ரெலெபோஹிலே கண்ணை மூடாமல்
ஊசி உள்ளே போவதையே பார்த்தாள்.
அவளுக்குப் பின்னால் நின்றவள்
தன் முறை வருமுன்னே மயங்கி விழுந்தாள்.
அதைப் பார்த்துச் சிரித்தவள்
அடுத்து விழுந்தாள்.

'இது பிள்ளை பிறக்காமல் செய்கிற ஊசியாமே?'
ஒருத்தி கேட்டாள்.
லிகேலெலி பஞ்சைக் கீழே வைத்தாள்.
பெட்டிக்குள் பனிக்கட்டி சொட்டிக்கொண்டிருந்தது.
பதில் சொல்லி முடிக்கும் வரை
அடுத்த குப்பியை அவள் தொடவில்லை.

முப்பத்தெட்டு டிக். மூன்று காலி.
ஒருத்திக்குக் காய்ச்சல்.
ஒருத்தி மசேருவில்
யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துக்கொள்கிறாள்.
மூன்றாவது பெயருக்கு எதிரே
ஆசிரியர் பென்சிலால் 'திருமணம்' என்று எழுதி
அழித்திருக்கிறார்.
சரியாக அழியவில்லை.
பள்ளியில் போடும் ஊசி
பள்ளிக்கு வருகிறவர்களின் கைக்குத்தான்.
மிச்ச மூன்றும்
வந்த குதிரையிலேயே திரும்பி வந்தன.

மாதக் கடைசியில் எல்லாம் என் மேஜையில்.
நிதி தருகிறவர்களின் படிவத்தில்
குதிரைக்குக் கட்டமில்லை.
வாகனம்: ஒன்று. பதிவு எண்: செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை.
எரிபொருள்: மக்காச்சோளம், இரண்டு வாளி.
உதிரிபாகம்: லாடம்.
திருப்பி அனுப்பினார்கள்.
நானும் திருப்பி அனுப்பினேன்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'விளைவு'.
அங்கேதான் பேனா நின்றுவிடுகிறது.
இந்தப் பணம் வாங்குவது
நடக்காமல் போகப்போகும் ஒன்றை.
இருபது வருஷம் கழித்து
ஒருத்தி காலையில் எழுந்து முகம் கழுவி
ஒன்றும் ஆகாமல் வேலைக்குப் போவாள்.
அவ்வளவுதான்.
தனக்கு எது வரவில்லை என்று
அவளுக்கே தெரியாது.
எந்தத் தணிக்கையாளர் வந்து அதை எண்ணுவார்?

வந்ததற்கு மட்டும் கணக்கு இருக்கிறது.
என் மனைவியின் அக்கா. கருப்பை வாய்ப் புற்று.
எல்லை தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினோரு தடவை பஸ்,
போக, வர.
கடைசித் தடவை போக மட்டும்.
பழக்க தோஷம், அந்த டிக்கெட்டுகளைக்
கோப்பில் குத்தி வைத்திருக்கிறேன்.
ஒரு ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு சிறுமிகளுக்கும்
ஒரு குதிரைக்கும் போக
மீதி வந்தது.

நேற்று ஒரு கடிதம்.
வரும் ஆண்டு ஒதுக்கீடு பாதி.
காரணம்: முதலாண்டில் புலப்படும் பலன் இல்லை.
லிகேலெலி நின்றபடியே படித்தாள்,
மடித்தாள், என்னிடமே நீட்டினாள்.
'குதிரைக்காரர் வாசலில் நிற்கிறார்' என்றாள்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் அவர்.
பாக்கியைக் கேட்பார் என்று நினைத்தேன்.
'அந்த மூணு பேர்' என்றார்.
'காய்ச்சல்காரி எழுந்துட்டா.
கட்டிக்கொடுத்த வீடு எனக்குத் தெரியும்,
ஆத்துக்கு அந்தப் பக்கம்.'

பெட்டியைத் திறந்து
எழுதுபொருள் கணக்கிலிருந்து எண்ணிக் கொடுத்தேன்.
இந்த மாதம்
பென்சில் நிறைய வாங்கியதாக இருக்கட்டும்.