இரண்டாவது இழுப்பறை

மே மாதத்துப் பெங்களூரில்
மரம் விழுந்த பிறகுதான் என்னை நினைப்பார்கள்.
பசவனகுடியில் ஒரு தூங்குமூஞ்சி
காரின் மேல் படுத்துக்கொண்ட இரவில்
பதினோரு அழைப்புகள்.
என்னிடம் ஆட்கள் மூன்று பேர்,
ரம்பம் இரண்டு, டெம்போ ஒன்று.

நிரஞ்சன் வந்தான்.
"நாலு பையன்கள், பலாங்கீர்ப் பக்கம்.
அணில் மாதிரி ஏறுவார்கள் மேடம்.
நீங்கள் கொடுப்பதில் பாதி போதும்,
மொத்தமாக என் கணக்கில் போட்டுவிடுங்கள்."

பாதி.
கால்குலேட்டரில் தட்டினேன்.
மழை முடிவதற்குள் டெம்போ கடன் தீர்ந்துவிடும்.
இன்னொரு முறை தட்டினேன்,
சுகமாக இருந்தது.

பதிவேட்டில் கைபேசி எண் எழுதச் சொன்னேன்.
நாலு பெயர்.
இரண்டு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.
நாலு வரியிலும் ஒரே எண்.
பத்து இலக்கமும் நிரஞ்சனுடையவை.

ஆதார் அட்டை?
"என்னிடம் பத்திரமாக இருக்கிறது."

பத்திரம் என்றால் காவல்.
பத்திரம் என்றால் கடன் சீட்டு.
இலை என்றும் ஒரு பொருள் உண்டு,
அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

சின்னவன் தபன் மாஜி
டீக் கோப்பையை வாங்குமுன்
நிரஞ்சன் முகத்தைப் பார்த்தான்.
வெறும் டீ, ஐயா.
டெம்போவுக்குப் பின்னால் கூட்டிப்போய்
என் உடைந்த இந்தியில் கேட்டேன், சம்பளம் எவ்வளவு?
"கழிந்துகொண்டிருக்கிறது" என்றான்.
அண்ணன் வாங்கிய முன்பணம்.
ரயில் டிக்கெட். அரிசி.
மரமேறக் கொடுத்த கையுறை, அதற்கும்.

கிளை கழிப்பது என் தொழில்.
எது வரை கழித்தால் மரம் பிழைக்கும் என்று
எனக்குத் தெரியும்.

நிரஞ்சனிடம் சொன்னேன்:
கூலி அவரவர் கணக்குக்கு,
அட்டை அவரவர் சட்டைப்பையில்,
போக நினைத்தால் போகலாம்.
இல்லையென்றால் ஒருவரும் என் கயிற்றில் ஏற வேண்டாம்.

அவன் சிரித்தான்.
"முனிவெங்கட்டாவின் லைசென்ஸ்
எங்கே இருக்கிறது மேடம்?"

இரண்டாவது இழுப்பறையில்.
பெட்ரோல் ரசீதுகளுக்கு அடியில்.
மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
நாற்பதாயிரம் முன்பணம் கேட்டான்.
லைசென்ஸை அவனாகத்தான் நீட்டினான்.
நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ஒரு வருடம், நாலு மாதம்.
ஓசூர் ரோட்டில் போலீஸ் மறித்த நாளில்
போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி
பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

இரவோடு இரவாக நாலு பேரையும்
ஒயிட்ஃபீல்டு பக்கம் கொண்டுபோய்விட்டானாம்.
அங்கே எண்ணைப் படித்துப் பார்க்காதவர்கள்
நிறையப் பேர் இருப்பார்கள்.
பதிவேட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு
தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன்.
"இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார் எழுத்தர்.
நஷ்டம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
புகாரை வாங்கிக்கொண்டார்.
வாரா வாரம் செவ்வாய்க்கிழமை போகிறேன்.

முனிவெங்கட்டா லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தான்.
"அப்போ கொஞ்சம் குண்டா இருந்தேன்."
சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டான்.
மறுநாள் அவன் வரவில்லை.
ஜெயநகரில் வேலை நின்றது,
வாடிக்கையாளர் கத்தினார்,
நான் போன் செய்யவில்லை.
வராமல் இருக்க அவனால் முடியும் என்பதை
அன்றுதான் இருவரும் பார்த்தோம்.

குடியிருப்புச் சங்கத்தார் கேட்கிறார்கள்,
பாதி விலைக்குச் செய்கிறார்களே, நீங்கள் ஏன் இவ்வளவு?
மீதிப் பாதியை யார் கொடுக்கிறார் என்று
அவர்களிடம் கேளுங்கள், என்கிறேன்.
இந்த மழைக்கு மூன்று வேலை போயிற்று.
டெம்போ கடன் அப்படியே.

மூன்றாம் நாள் காலை முனிவெங்கட்டா வந்தான்.
கயிற்றை முடிச்சு முடிச்சாகச் சோதித்தான்.
பிறகு மேசைக்கு வந்து,
"மாசம் ரெண்டாயிரம் நானே தருவேன்.
எழுதுங்க" என்றான்.
எழுதினேன்.
"எனக்கும் ஒரு காப்பி."