தோன்றா எழுவாய்

ஜனவரி. பத்து மணிக்கும் விடியவில்லை.
நார்வேயின் வடகோடி, காட் மீன் ஆலையின் உணவறை.
மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள்.
பேச்சு பதினொரு நிமிடத்தைப் பற்றி.

கம்பளிக் காலுறை இரண்டு, மேலே ரப்பர் பூட்ஸ்,
தலைவலை, காதடைப்பான், முழங்கால் தாண்டும் மேலங்கி,
இடக்கைக்கு எஃகு வளையம் கோத்த கையுறை,
அப்புறம் கிருமிநாசினித் தொட்டியில் நடந்து
கதவைத் தாண்டினால்
அங்கே இருக்கிறது கடிகாரம்.
அட்டை தேய்த்த பிறகுதான் கூலி ஓடும்.

மேலாளர் தூர்லைவ் சொன்னார்:
“வி எல்லோரும் ஒரே படகில்.”
பதினாறு வயதில் நிஜமாகவே படகேறியவர்.
பொய் சொல்லும் ஆளில்லை.

தொழிற்சங்கத்து ஓட்னி சொன்னாள்:
“வி கேட்பது உபகாரம் அல்ல.”

அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல், வி.
தமிழில் எழுத உட்கார்ந்த எனக்குத்தான் தொல்லை.
தூர்லைவின் வாயில் ‘நாம்’ வைக்கிறேன்:
எதிரில் இருப்பவரையும் கேட்காமலே
தோளில் கைபோட்டு இழுத்துக்கொள்ளும் நாம்.
ஓட்னிக்கு ‘நாங்கள்’:
மேசை நடுவில் கோடு கிழித்துவிட்டு
‘இனிப் பேசலாம்’ என்று நாற்காலியை முன்னே இழுக்கும் நாங்கள்.

மனிதவளத்துறை சுன்னிவா திரையில் ஒரு படம் போட்டாள்.
‘இங்கே உங்களை மதிக்கிறார்களா?’
எண்பத்திரண்டு சதவீதம் சிரித்த முகம்.
கையுறையோடு தொட்டார்களா கழற்றிவிட்டா
என்பது கேள்வித்தாளில் இல்லை.

டைவாவின் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
விதியை வளைத்து ஒன்பது நாள் விடுப்பு எழுதியவள்
இந்தச் சுன்னிவாதான்.
அதனாலேயே ‘உரிமை’ என்ற சொல் விழுந்ததும்
அவள் முகம் சுண்டிப்போனது:
பிரியமாய்த் தந்ததை
வராக்கடன் போலக் கேட்கிறார்களே.

டைவா மெதுவாகச் சொன்னாள்:
“ஒன்பது நாளுக்கு
நான்கு வருடமாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
சட்டத்தில் இருந்திருந்தால்
ஒரு தரம் சொன்னால் போதுமே.”

லித்துவேனியாவிலிருந்து வந்த ரிமான்டாஸ்
காபி சிந்திய காகிதத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார்.
ஆண்டுக்கு இருநூற்றுப் பத்து நாள். பதினேழு ஆண்டு.
“எண்பத்தேழு வேலைநாள்
உடை மாற்றியபடியே நின்றிருக்கிறேன்.
நிமிடம் எத்தனை என்று பேசுகிறீர்கள்.
கடிகாரம் யாருடையது?”

ஓட்னிக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.
தூர்லைவ் கடிகாரத்தைப் பார்த்தார்,
அது என்னமோ சுவரோடு முளைத்தது மாதிரி.
காபி இயந்திரம் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டது.

கடைசியில் ஆறு நிமிடம்.
ஏன் ஆறு? யாருக்கும் தெரியாது.
பாதியைவிடச் சற்று அதிகம், தோல்வியைவிடச் சற்று அழகு.
கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்ச்சில் மீன் குவிந்தது.
போர்த்துக்கலிலிருந்து வந்த வியாபாரிகளை
உள்ளே கூட்டிப்போக தூர்லைவ் உடை மாற்றினார்.
பழக்கமில்லை. முதுகுப் பக்கம் முடிச்சு விழவில்லை.
போட்டு முடிக்கப் பதினான்கு நிமிடம்.
அவர் நாட்குறிப்பில்
‘ஒன்பது முதல் பத்துவரை, ஆலைப் பார்வை.’
பதினான்கும் அதற்குள்ளேயே அடக்கம், சம்பளத்தோடு.
அவர் அதைக் கவனிக்கவில்லை.
பின்னால் நின்று முடிச்சுப் போட்டுவிட்ட
ரிமான்டாஸ் கவனித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
முடிச்சு மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

கூட்டக் குறிப்பின் கடைசி வரியில் மறுபடி அந்த வி.
ஆறு நிமிடத்துக்கு உடன்பட்டது
நாமா, நாங்களா?
இரவெல்லாம் யோசித்தேன்.
தமிழிலும் ஒரு சந்து இருக்கிறது,
வினைமுற்றின் வால் பிடித்து நழுவிவிடலாம்:
‘உடன்பட்டோம்.’

எழுதிவிட்டேன். இலக்கணப் பிழை இல்லை.
எழுவாய் மட்டும்
கதவுக்கு அந்தப் பக்கம்
ஒரு காலில் நின்று பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது,
இன்னும் அட்டை தேய்க்காமல்.